பொருந்துதலும் பொருத்துதலும்: காகித வானூர்தி கற்பிக்கும் அளவுப் பாடம்

பொருந்து, பொருத்து என்னும் இரு வினைகளையும் பிரிப்பது ஓர் ஒற்று மட்டுமே. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. ‘இறக்கை உடற்பகுதியோடு பொருந்தியது’ என்றால் இரண்டின் அளவும் ஒத்திருந்தன என்று பொருள். ‘இறக்கையை உடற்பகுதியோடு பொருத்தினர்’ என்றால் யாரோ அதைச் சேர்த்துவிட்டனர் என்பதற்கு மேல் அத்தொடர் எதற்கும் உறுதி தருவதில்லை. பசையை மிகுதியாக இட்டிருக்கலாம், ஓரத்தைச் சீவியிருக்கலாம், இடைவெளியை வண்ணம் பூசி மறைத்திருக்கலாம். நம் பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் மாதிரிகளுக்கு வழங்கப்படும் மதிப்பெண் பெரும்பாலும் இந்த இரண்டாம் வினைக்கே போய்ச் சேருகிறது. முதல் வினையை மதிப்பிடும் பழக்கம் நம் கல்விக்கு வேண்டும் என்பதும், அதைத் தொடங்குவதற்குக் காகித வானூர்தி மாதிரியைப் போல மலிவான, நேர்மையான களம் வேறில்லை என்பதும் இப்பதிவின் வாதம்.

காகித வானூர்தி என்றதும் வகுப்பறையில் மடித்து எறியும் அம்பு நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது அதுவன்று. உண்மையான வானூர்தியின் உடல், இறக்கை, வால், சக்கரம் ஆகிய ஒவ்வொன்றையும் தட்டையான பாகங்களாக விரித்து அச்சிட்டு, வெட்டி, உருட்டி, உள்ளே அட்டைச் சட்டங்கள் வைத்து ஒட்டி எழுப்பும் அளவு மாதிரி. போலந்து நாட்டில் 1957இல் தொடங்கிய ‘மாவி மொடெலாஷ்’ என்னும் இதழ் இக்கலையைப் பல தலைமுறைகளுக்குப் பழக்கியது. அங்கு வழக்கமான அளவு 1:33. நெகிழி மாதிரிகளின் உலகில் 1:72, 1:48 ஆகியவை வழக்கம். இன்று இத்தகைய படிகள் பி.டி.எஃப். கோப்புகளாகக் கிடைக்கின்றன. கோப்பு ஓர் அளவில் இருக்கும். செய்பவருக்கு வேறோர் அளவு தேவைப்படும். அளவை மாற்ற வேண்டிய இந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகிறது.

கணக்கின் முதற்படி எளியது. 1:33 அளவிலுள்ள கோப்பை 1:48க்கு மாற்ற 33ஐ 48ஆல் வகுத்தால் போதும்: 68.75 விழுக்காடு. 1:72க்கு 45.83 விழுக்காடு. 13.2 மீட்டர் நீளமுள்ள தேஜஸ் போர் வானூர்தி 1:33இல் 400 மி.மீ. நீளம் கொள்ளும், 1:72இல் 183 மி.மீ. மட்டுமே. நீளம் 68.75 விழுக்காடாகும்போது பரப்பு அதன் வர்க்கமாகச் சுருங்கி 47 விழுக்காடாகும். ஆகவே தாளின் தேவை பாதிக்கும் கீழே இறங்கும். எட்டாம் வகுப்பு மாணவர் இதைச் செய்துவிடுவார். தேர்வுத்தாளும் இத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் மேசைமேல் வேலை இதற்குப் பின்னர்தான் கடினமாகிறது.

விழுக்காட்டை மாற்றும்போது கோப்பிலுள்ள அனைத்தும் மாறுகின்றன. கையிலுள்ள தாளின் தடிமன் மட்டும் மாறுவதில்லை. உள்ளே குறுக்கும் நெடுக்கும் கோத்து நிற்கும் சட்டங்களை எடுத்துக்கொள்வோம். அவை 1 மி.மீ. அட்டையில் செய்யப்படுவதாகக் கருதி, ஒன்றில் மற்றொன்று இறங்குவதற்கு 1 மி.மீ. அகலக் காடிகளை வரைந்திருப்பார் வடிவமைப்பாளர். அதே பக்கத்தை 45.83 விழுக்காட்டில் அச்சிட்டால் காடியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்துவிடும்; அட்டையோ 1 மி.மீ. ஆகவே இருக்கும். உள்ளே இறங்காது. மாறாக 1:33ஐ 1:24ஆகப் பெருக்கினால் காடி 1.375 மி.மீ. ஆகி அட்டை ஆடத் தொடங்கும். உடற்பகுதியின் நடுக்கோடு சாயும். இரண்டிலும் கணினி பிழை செய்யவில்லை. வகுத்தவரும் பிழையாக வகுக்கவில்லை. எது விகிதத்திற்குக் கட்டுப்படும், எது கட்டுப்படாது என்ற கேள்வியை எவரும் எழுப்பவில்லை என்பதே பிழை.

வட்டச் சட்டங்களில் இது இன்னும் நுட்பமானது. 100 மி.மீ. நீளமுள்ள தாள்பட்டையை உருட்டி விளிம்போடு விளிம்பு சேர்த்தால், தாளின் நடுப்படலம் ஏறத்தாழ 31.83 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகும். தாளின் தடிமன் 0.2 மி.மீ. என்றால் உள்விட்டம் 31.63. உள்ளே நிற்கும் வட்டச் சட்டத்தை வடிவமைப்பாளர் அந்த அளவிலேயே வரைந்திருப்பார். இப்போது அனைத்தையும் பாதியாக்குவோம். பட்டை 50 மி.மீ.; நடுப்படலத்தின் விட்டம் 15.92, அதே தாள் என்பதால் உள்விட்டம் 15.72. ஆனால் பாதியாக அச்சான சட்டத்தின் விட்டம் 15.81. அதாவது சட்டம் 0.1 மி.மீ. பெரிது, சுற்றளவில் 0.3 மி.மீ. மிகை. மூட்டில் வெண்ணிறக் கோடாகத் தெரியும் இடைவெளி அதுவே. தாளையும் பாதித் தடிமனுக்கு மாற்றினால் கணக்கு மீண்டும் ஒத்துவரும். அது முடியாதபோது சட்டத்தின் ஓரத்தைச் சீராகத் தேய்த்துக் குறைக்க வேண்டும். எந்த வழியானாலும் அது ஒரு முடிவு. அச்சுப்பொறி அந்த முடிவைத் தானாக எடுக்காது.

தடிமனை ஜி.எஸ்.எம். எண்ணைக் கொண்டு அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. வழவழப்பான பூச்சு கொண்ட தாளும் பூச்சில்லாத தாளும் ஒரே எடையில் வெவ்வேறு தடிமன் கொண்டிருக்கும். கடைக்காரர் சொல்லும் எண் எடைக்குரியது. செய்பவருக்குத் தேவை தடிமன். ஒரே மாதிரியான பத்துத் தாள்களை அடுக்கி அளந்து பத்தால் வகுக்கும் பழைய ஆய்வகப் பயிற்சி இந்த இடத்தில் பயன் பெறுகிறது.

பெருக்கும் திசையில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு தாள்பட்டையை ஒரு முனையில் பிடித்துக் கிடையாக நீட்டினால், சிறு வளைவுகளின் எல்லைக்குள், அதன் தொங்கல் நீளத்தின் நான்காம் படியில் வளரும். நீளம் இரட்டித்தால் தொங்கல் 16 மடங்கு. சிறிய மாதிரியில் விறைப்பாக நின்ற இறக்கை, அதே தாளில் இருமடங்காக்கும்போது துவளும். உள்ளே புதிய சட்டங்கள் வேண்டும். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இதே உண்மையை விலங்குகளின் உடலில் காட்டியது: பத்து மடங்கு உயரமான மனிதனின் எடை ஆயிரம் மடங்காகும், எலும்பின் குறுக்குப்பரப்போ நூறு மடங்கே ஆகும், எனவே அவன் நடக்கத் தொடங்கினால் தொடையெலும்பு முறியும். 1957இல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். அவர் எழுதியதை மாணவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். துவண்ட இறக்கையைக் கையில் ஏந்தும்போது அது உடனே விளங்கிவிடும்.

அச்சிடும் படியில் காத்திருக்கும் பொறி அமைதியானது. அச்சு மென்பொருள்கள் பலவற்றில் பக்கத்திற்குள் அடங்குமாறு சுருக்கும் தெரிவு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்க லெட்டர் தாளுக்காக வரைந்த 215.9 மி.மீ. அகலப் பக்கத்தை 210 மி.மீ. அகலமுள்ள ஏ4 தாளில் அடக்கினால் அனைத்தும் 97.3 விழுக்காடாகும். படிக்கும் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. எழுத்துக்கு அதனால் தீங்கும் இல்லை. ஆனால் 9 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட எச்.எப்-24 மாருத் வானூர்தி 1:33இல் 272.7 மி.மீ. அகலம் பெற வேண்டும். இந்தச் சுருக்கத்தால் அதில் 7 மி.மீ. காணாமற்போகும். எல்லாப் பக்கங்களும் ஒரே அளவில் சுருங்கினால் மாதிரி சற்றுச் சிறியதாகிவிடும், அவ்வளவே. இறக்கைப் பக்கம் ஒரு கடையிலும் உடற்பகுதிப் பக்கம் மறு கடையிலும் அச்சானால் இரண்டும் ஒன்றோடொன்று சேரா.

ஜெராக்ஸ் கடையில் ஏ3ஐ ஏ4 ஆக்கும் 71 விழுக்காட்டுப் பொத்தானும் இத்தகையதே. அது 68.75க்கு அருகில் இருப்பதால் 1:48 கிடைத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கிடைப்பது 1:46.5. தேஜஸின் நீளத்தில் இது 9 மி.மீ. வேறுபாடு. ஒவ்வொரு பக்கத்திலும் கிடையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக 100 மி.மீ. கோடுகளை வரைந்து, அச்சானதும் முதலில் அவற்றை அளந்து பார்ப்பது இதற்கான எளிய மருந்து. இரண்டு கோடுகள் தேவைப்படுவதற்குக் காரணம், நீளவாக்கும் அகலவாக்கும் எப்போதும் ஒரே அளவில் பிழைப்பதில்லை. தாளும் அசையாப் பொருளன்று. ஈரப்பதத்தை ஏற்று அது விரியும். இழையோட்டத்தின் திசையில் குறைவாகவும் அதற்குக் குறுக்கே மிகுதியாகவும் விரியும். லேசர் அச்சுப்பொறியின் வெப்பம் ஈரத்தை வெளியேற்றும். மும்பையின் மழைக்காலத்தில் அச்சிட்ட தாளை வெட்டும் முன் அறையில் சற்று நேரம் விட்டுவைப்பதில் பொருள் இருக்கிறது.

பொருத்தும் படியில் வடிவியல் நேரடியாகக் குறுக்கே வருகிறது. தாள் ஒரு திசையில் வளையும். ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளையாது. ஒரு பரப்பை நீட்டாமலும் கிழிக்காமலும் வளைக்கும்போது அதன் உள்ளார்ந்த வளைமை மாறாது என்று காஸ் 1827இல் நிறுவிய தேற்றமே இதன் அடிப்படை. எனவே வானூர்தியின் கூம்பிய மூக்கைத் துண்டுக் கூம்புகளாகவோ பூவிதழ்களாகவோ பிரித்தாக வேண்டும். நடுவில் இடை சிறுத்த மாருத்தின் உடற்பகுதியைத் தொடர்ச்சியான ஒரே தாளில் போர்த்த இயலாது. எத்தனை துண்டுகள் என்பது அளவைப் பொறுத்தது. 1:33இல் எட்டு இதழ்களாக இருந்த மூக்கு 1:72இல் கையாள முடியாத நுண்துணுக்குகளாகிவிடும். நான்காகக் குறைத்து மீண்டும் வரைய நேரும். எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று தேர்ந்தாக வேண்டும். அதோடு பிழைகள் கூடிக்கொண்டே போகும்: உடற்பகுதியின் பத்துத் துண்டுகளில் ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. நீண்டால் வாலருகே 3 மி.மீ. சேர்ந்துவிடும். அதனால்தான் தேர்ந்தவர்கள் பசையின்றி முதலில் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த ஒத்திகையில் பாகம் பொருந்துகிறதா என்பது தெரியும். பசை இட்ட பின் அது பொருத்தப்பட்டதாகிவிடும்.

இனி நம் கண்காட்சிகளைப் பார்க்கலாம். ‘மாதிரி’ என்னும் சொல் தமிழில் இரு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அளந்து செய்யப்பட்ட உருவைக் குறிக்கும் பெயர். மற்றொன்று, ‘அது மாதிரி’ என்னும்போது ‘போல’ என்ற உவமப் பொருள். நம் மதிப்பீடு இரண்டாம் பொருளையே ஏற்றுக்கொண்டுவிட்டது. வானூர்தி மாதிரி இருந்தால் போதும். அது எந்த விகிதத்தில் அமைந்தது, எங்கே விலகியது, ஏன் விலகியது என்று கேட்பவர் அரிது. தெர்மாகோலும் மின்விளக்கும் கொண்ட ஆயத்த மாதிரிகள் கடைகளில் விலைக்குக் கிடைப்பதற்கும், பொறியியல் மாணவர்களுக்குத் திட்டப்பணிகளைச் செய்து கொடுக்கும் சந்தை ஒன்று இயங்குவதற்கும் இந்த மதிப்பீட்டு முறையும் ஒரு காரணம். தோற்றத்திற்கு மதிப்பெண் தந்தால் தோற்றத்தை விற்பவர் தோன்றத்தான் செய்வர். விலகலை விளக்குவதற்கு மதிப்பெண் தந்தால் அதை விலைக்கு வாங்குவது அவ்வளவு எளிதாக இராது.

அரசு இத்துறையில் செலவு செய்யவில்லை என்று சொல்ல இயலாது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக 10,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை நிதி ஒதுக்கப்படுகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமையும் என 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. முப்பரிமாண அச்சுப்பொறி இவ்வாய்வகங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கருவி வேண்டாம் என்பதன்று வாதம். கருவியிடம் என்ன கேட்பது என்று அறியாத மாணவர் இறக்கிய கோப்பை அச்சிட்டுக் காட்சிக்கு வைப்பார். அங்கும் அவர் செய்தது பொத்தானை அழுத்தியது மட்டுமே. முப்பரிமாண அச்சிலும் ஒரு துளைக்குள் ஓர் அச்சு நுழைய இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியும் மாதிரியோடு சேர்ந்து விகிதத்தில் சுருங்கினால் பாகம் நுழையாது. தாளில் ஓரிரு ரூபாய்ச் செலவில் விளங்கும் இந்த உண்மையை விலையுயர்ந்த இழையை வீணாக்கித்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது மென்பொருள் பற்றியது. முப்பரிமாண வடிவைத் தட்டையாக விரிக்கும் பெப்பகுரா டிசைனர் போன்ற மென்பொருள்கள் இருக்கும்போது கையால் கணக்கிடுவது எதற்கு என்று கேட்கலாம். விரிக்கும் கணக்கு பொதுவாகப் பரப்பைத் தடிமனற்றதாகவே கொள்கிறது. மேசைமேல் இருக்கும் தாளுக்குத் தடிமன் உண்டு. மென்பொருள் வேலையைக் குறைக்கும், கேள்வியை நீக்காது. இரண்டாம் மறுப்பு ஆசிரியர்களின் பணிச்சுமை. இது மெய்யான இடர். நாற்பது, ஐம்பது மாணவர்களுக்கு ஒரே ஆசிரியர் உள்ள வகுப்பில் கட்டர் கத்தியைக் கொடுத்து மேற்பார்வையிடுவது எளிதன்று. முழு வானூர்தியை எல்லோரும் செய்ய வேண்டியதில்லை என்பதே விடை. ஓர் உருளை, அதற்குள் ஒரு வட்டச் சட்டம், ஒரு காடி; இம்மூன்றையும் கத்தரிக்கோலாலேயே இரு அளவுகளில் செய்துவிடலாம்; காடிக்கு அட்டை சற்று மெல்லியதாக இருந்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு, இது குழந்தை விளையாட்டு என்பது. மாருத்தின் வரலாறே இதற்கு மறுமொழி கூறும. கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான அவ்வானூர்தி 1961 ஜூன் 17 அன்று முதன்முறை பறப்பதற்கு முன்னர், 1959இலேயே அதன் முழு அளவு மர மாதிரி மிதவை வானூர்தியாகப் பறக்கவிடப்பட்டது. சிறு மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராயும்போதும் இதே கேள்வி எழும்: உருவம் விகிதத்தில் சுருங்கினாலும் காற்று சுருங்குவதில்லை, ரெனால்ட்ஸ் எண் மாறிவிடுகிறது. சிறிதில் கண்டதைப் பெரிதுக்குக் கொண்டு செல்லும்முன் எது மாறாமல் நிற்கிறது, எது மாறுகிறது என்று பட்டியலிடுவது பொறியியலின் அன்றாட வேலை. சமூக அறிவியலிலும் அதற்கு இடமுண்டு. ஒரு மாவட்டத்தில் வெற்றி பெற்ற முன்னோட்டத் திட்டத்தை நாடு முழுவதற்கும் விரிக்கும்போது விரிவடையாமல் நிற்கும் ‘தடிமன்’ எது என்று கேட்பவரே நல்ல ஆய்வாளர்.

செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குள் பரிந்துரைக்கும் புத்தகப் பையில்லாத பத்து நாள்களில் ஒரு நாளையேனும் அளவு மாற்றப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். இரண்டாவது, கல்லூரிக் கண்காட்சிகளில் மாதிரியோடு ஒரு பக்க அளவுக் குறிப்பைக் கட்டாயமாக்கலாம்: மூல அளவு, எடுத்துக்கொண்ட விகிதம், அளந்து கண்ட அளவு, விலகல், அதன் காரணம். விலகல் இருப்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது, மறைப்பதற்காகக் குறைக்கலாம். மூன்றாவது, செய்முறைக் குறிப்புகளை இந்திய மொழிகளில் எழுத வேண்டும். கீறு, மடி, உருட்டு, கோத்துவிடு, சேர்த்துப் பார் எனத் தமிழில் இதற்கான வினைகள் ஏற்கெனவே கைத்தொழில்களில் புழங்குகின்றன. காடி என்பது தச்சரின் சொல். பிற இந்திய மொழிகளிலும் பட்டறைகள் உண்டு. அவற்றின் சொற்கள் உண்டு. புதுச்சொல் ஆக்கும் குழுக்களுக்குக் காத்திராமல் அந்தச் சொற்களைத் தொகுத்தாலே போதும். மொழியியல் துறைகளும் பொறியியல் துறைகளும் சேர்ந்து செய்யத்தக்க சிறுபணி இது.

தொடங்குவதற்கு ஒரு பயிற்சி. மாருத்தின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை அகலம் 9 மீட்டர். இவ்விரு எண்களிலிருந்து 1:33, 1:72 ஆகிய இரு அளவுகளிலும் மாணவர்கள் உடற்பகுதியின் ஒரு துண்டையும் இறக்கை நுழையும் காடியையும் வரைந்து, அச்சிட்டு, பசையின்றிச் சேர்த்துப் பார்க்கட்டும். பெரிய அளவில் உடற்பகுதி 481 மி.மீ. ஆவதால் அது ஒரு ஏ4 தாளில் அடங்காது. எங்கே வெட்டுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். சிறிய அளவில் காடி இறுகும். அட்டையை மாற்றுவதா, காடியை மீண்டும் வரைவதா என்பதையும் அவர்களே முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் கேட்க வேண்டிய வினா ஒன்றுதான்: விகிதத்தில் மாற்றக் கூடாதவை எவை? அந்தப் பட்டியலை எழுதித் தந்தவருக்கு முழு மதிப்பெண் தரலாம், மாதிரி முடிவடையாமல் பாதியில் நின்றிருந்தாலும்.